30 இன்ஜின் வைத்ததா தப்பு?

ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கமெண்ட் பகுதியில் யாராவது ஒருவர் தவறாமல் வந்து, "33 இன்ஜினா? சோவியத்காரன் அன்றைக்கே 30 இன்ஜின் வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டான், இவர்களுக்கும் அதே கதிதான்" என்று எழுதிவிட்டுப் போகிறார். இன்ஜின் எண்ணிக்கை கூடினால் ராக்கெட் வெடிக்கும் என்பது ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. எனக்கு இந்த வாதம் அறவே பிடிக்காது. சந்திரனுக்குப் போக சோவியத் கட்டிய என்1 ராக்கெட்டில் 30 இன்ஜின் இருந்தது உண்மை, நான்கு முறை ஏவி நான்கு முறையும் தோற்றது உண்மை. ஆனால் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று எப்படி முடிவுகட்டுகிறார்கள்? அந்த 30 இன்ஜினையும் ஒன்றாகச் சேர்த்துத் தரையில் ஒரு தடவைகூட எரித்துப் பார்க்கவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இன்ஜின்களைக் கொத்தாகக் கட்டினால் தேறாது என்ற பேச்சு அமெரிக்காவிலும் இருந்ததுதான். 1958ல் அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில், அப்போது ராணுவத்திடம் இருந்த ராக்கெட் வல்லுநர் வெர்னர் ஃபான் பிரௌனின் குழு சாட்டர்ன் 1 ராக்கெட் வேலையைத் தொடங்கியபோது, புதிதாகப் பெரிய டேங்க் செய்ய நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஜூபிடர் ஏவுகணையின் விட்டத்தில் ஒரு டேங்கை நடுவில் நிறுத்தி, ரெட்ஸ்டோன் ஏவுகணையின் விட்டத்தில் எட்டு டேங்குகளை அதைச் சுற்றிக் கட்டி, அடியில் எட்டு எச்-1 இன்ஜின்களை மாட்டினார்கள். பார்க்க லட்சணமாக இருக்காது. எட்டும் ஒரே நேரத்தில் ஒழுங்காகப் பற்றுமா என்று கேலி செய்தவர்கள் நிறைய.

அதைச் சோதித்த விதத்தைப் பாருங்கள். 1961 அக்டோபர் 27 அன்று கேப் கனாவெரலில் இருந்து கிளம்பிய முதல் சாட்டர்னில் முதல் அடுக்கு மட்டும்தான் நிஜம். மேலே இருந்தது வெறும் கூடு, எடை காட்டுவதற்காக உள்ளே தண்ணீர். தண்ணீர் எப்படியும் மேலே போகிறதே, சும்மா விடுவானேன் என்று 1962ல் நடந்த இரண்டாவது, மூன்றாவது ஏவுதல்களில் 100 கி.மீ. உயரத்துக்கு மேலே கொண்டுபோய் அதை வேண்டுமென்றே சிதறடித்து, அந்த உயரத்தில் அவ்வளவு தண்ணீர் என்ன ஆகிறது என்று ஓர் ஆராய்ச்சியையும் முடித்துக்கொண்டார்கள். 1963 மார்ச்சில் நடந்த நான்காவது ஏவுதல் எனக்குப் பிடித்தது. பறந்துகொண்டிருக்கும்போதே, 100 விநாடி ஆனதும், எட்டில் ஓர் இன்ஜினை அவர்களே அணைத்தார்கள். மீதி ஏழும் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் எரிந்து வேலையை முடித்தன. இரண்டாவது அடுக்கு நிஜமாகப் பறந்தது 1964 ஜனவரியில்தான். மொத்தம் பத்து ஏவுதல், பத்தும் வெற்றி.

எட்டு இன்ஜின் வைத்ததால் ஓர் ஏவுதலும் தோற்கவில்லை. ஆளைத் திணறடித்தது அடுத்து வந்த ஒற்றை இன்ஜின்.

எஃப்-1. சந்திரனுக்குப் போன சாட்டர்ன் 5ன் அடியில் ஐந்து இருக்குமே, அது. ஒவ்வொன்றின் உந்துவிசையும் சுமார் 690 டன், ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 2.6 டன் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் உள்ளே போகும், அதைத் தள்ளும் டர்போபம்பின் சக்தி மட்டும் 55,000 குதிரைத்திறன். (ஒரு கிளைக்கதை: திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துக்கொண்டிருக்கும் செமி-கிரையோ இன்ஜினும் இதே மண்ணெண்ணெய், திரவ ஆக்சிஜன் ஜோடிதான். அதன் இலக்கு 200 டன், எஃப்-1ல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2025 மார்ச்சில் எரியறையை விட்டுவிட்டு மற்ற பாகங்களை மட்டும் கோத்து அங்கே நடந்த முதல் வெற்றிகரமான சோதனை 2.5 விநாடிதான் ஓடியது. குறையாகச் சொல்லவில்லை, இந்த வேலையில் ஓர் அடி எடுத்து வைக்க எவ்வளவு பாடு என்று சொல்கிறேன்.)

எஃப்-1ன் தலைவலி இன்ஜெக்டரில் இருந்தது. எளிதாகச் சொன்னால் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு ஷவர்: ஆயிரக்கணக்கான துளைகள், சிலவற்றில் மண்ணெண்ணெய், சிலவற்றில் ஆக்சிஜன், இரண்டும் பீய்ச்சியடித்து ஒன்றோடு ஒன்று மோதிக் கலந்து எரியும். எரியறைக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் அழுத்தம் துளி ஏறினால்கூட, அது அலையாகக் கிளம்பி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும். வரும் வழியில் கலவையைக் கலைக்கும், கலைந்த இடத்தில் தீ இன்னும் மூர்க்கமாக எரியும், அது இன்னும் பெரிய அலையைக் கிளப்பும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படி ஆடினால் எந்த உலோகம் தாங்கும்? ஒரு விநாடி முடிவதற்குள் இன்ஜின் உருகிச் சிதைந்துவிடும். சின்ன இன்ஜின்களிலும் இது வரும். ஆனால் எரியறை பெரிதாகப் பெரிதாக அலைக்கு ஓடியாட இடம் கூடிவிடுகிறது.

1962 ஜூன் 28 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் சோதனை மேடையிலேயே ஓர் எஃப்-1 இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு நாசாவின் மார்ஷல் மையத்தில் இருந்து ஜெரி தாம்சன், இன்ஜினைச் செய்த ராக்கெட்டைன் நிறுவனத்தில் இருந்து பால் காஸ்டன்ஹோல்ஸ் என்று ஆட்களைப் பொறுக்கி எடுத்து, இந்த ஒரே பிரச்சினைக்கு என்று ஒரு தனிக் குழு போட்டார்கள். கணக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்றால் அன்றைய கோட்பாடும் கணினியும் அந்தத் தீக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதைவிடப் பெரிய இம்சை, இந்தக் கோளாறு சொல்லிவைத்து வராது. பத்துச் சோதனை நன்றாக ஓடும், பதினொன்றாவதில் வெடிக்கும், இன்ஜெக்டரில் செய்த மாற்றம் பலித்ததா இல்லையா என்பதே தெரியாது.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் அபாரம். இன்ஜின் முழு வீச்சில் எரிந்துகொண்டிருக்கும்போது, எரியறைக்குள் ஒரு சின்ன வெடிகுண்டை வெடிக்க வைத்தார்கள். கோளாறு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்க வேண்டாம், நாமே வரவழைப்போம், வந்த ஆட்டம் தானாக அடங்குகிறதா என்று பார்ப்போம். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கினால் அந்த இன்ஜெக்டர் பாஸ். இல்லையென்றால் துளையின் அளவை மாற்று, சாய்வை மாற்று, அடுத்த குண்டை எடு. இன்ஜெக்டரின் முகப்பில் செம்பினால் தடுப்புச் சுவர்கள் எழுப்பி அதை 13 அறைகளாகப் பிரித்தார்கள், அலை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஓடாமல் இருக்க. இப்படி முழு அளவு இன்ஜினை வைத்து மட்டும் ஏறத்தாழ 2,000 சோதனைகள். 1965 தொடக்கத்தில் இன்ஜின் பறக்கத் தயார் என்று ஒப்புக்கொண்டபோதும், அந்த இன்ஜெக்டர் ஏன் வேலை செய்கிறது என்பதை முழுசாக விளக்க யாராலும் முடியவில்லை. குண்டு வைத்தால்கூட அடங்குகிறது, அது போதும்.

சோவியத் பக்கம் இதே சுவரில் முட்டிக்கொண்டவர்கள்தான். ஒரே பெரிய எரியறையில் மண்ணெண்ணெயைச் சீராக எரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களின் முன்னணி ராக்கெட் இன்ஜின் வடிவமைப்பாளர் வாலென்டின் குளுஷ்கோவுக்கு நன்றாகத் தெரியும். ககாரினைத் தூக்கிப்போன ராக்கெட்டில் அவர் ஒரு டர்போபம்புக்கு நான்கு சின்ன எரியறைகள் வைத்ததன் பின்னணியும் அதுதான். என்1 என்று வந்தபோது அவர் மண்ணெண்ணெயே வேண்டாம், நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஹைட்ரசின் வகை எரிபொருளும் போடுவோம், தொட்டதும் பற்றிக்கொள்ளும், தொல்லை குறைவு என்றார். என்1 திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலியோவ் அந்த விஷத்தை மனிதர்கள் போகும் ராக்கெட்டில் ஊற்றமாட்டேன் என்றார். இரண்டு பேருக்கும் ஆகாது. இருவரும் ஸ்டாலின் காலத்தில் சிறைக்குப் போய் வந்தவர்கள், அந்தக் கசப்பு வேறு. குளுஷ்கோ விலகிக்கொள்ள, கொரோலியோவ் விமான இன்ஜின் செய்துகொண்டிருந்த நிகோலாய் குஸ்னெட்சோவிடம் போனார். அவருக்கு ராக்கெட் புதுசு. ஆனால் அவர் செய்துகொடுத்த என்கே-15, எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பதில் எஃப்-1ஐவிட எவ்வளவோ மேல். உந்துவிசைதான் குறைவு, 150 டன் சொச்சம். அதனால்தான் 30 தேவைப்பட்டது.

இதுவரைக்கும் எடுத்த முடிவுகளில் ஒன்றையும் நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன்.

அடுத்ததுதான் வினை. என்1ன் முதல் அடுக்கு அடிப்பக்கத்தில் 17 மீட்டர் அகலம். சாட்டர்னின் அடுக்குகளைப் படகில் ஏற்றி ஆற்றிலும் கடலிலும் கொண்டுபோனார்கள், சோவியத் ஏவுதளமான பைக்கனூருக்கு ரயில் மட்டும்தான் உண்டு, ரயிலில் இது ஏறாது. துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கேயே வெல்டிங் செய்து கோத்தார்கள். அப்படியானால் முழு அடுக்கையும் கட்டிப்போட்டு எரிக்கும் சோதனை மேடையையும் பாலைவனத்தில் புதிதாகத்தான் கட்டவேண்டும். பணம் ஆகும், வருஷக்கணக்கில் ஆகும், அமெரிக்கா முந்திவிடும். வேண்டாம் என்று முடிவானது. கொரோலியோவின் சோதனைப் பிரிவுத் தலைவர் லியோனித் வோஸ்க்ரெசென்ஸ்கி இதை ஒத்துக்கொள்ளவே இல்லை, மேடை இல்லாமல் முடியாது என்று மல்லுக்கு நின்று, எடுபடாமல் பொறுப்பைவிட்டு விலகினார். 1965 டிசம்பரில் அவர் இறந்தார், அடுத்த மாதமே ஆபரேஷன் மேசையில் கொரோலியோவும் போய்விட்டார். மேல் அடுக்குகளுக்கு மேடைச் சோதனை நடந்தது. 30 இன்ஜின் உள்ள அடுக்குக்கு மட்டும் கிடையாது.

சரி, இன்ஜின்களையாவது தனித்தனியாக எரித்துப் பார்த்தார்களா என்றால், அதுவும் முடியாது! என்கே-15ன் சில வால்வுகள் வெடிமருந்தால் திறப்பவை, ஒரு தடவைதான் வேலை செய்யும். எரித்துப் பார்த்த இன்ஜின் அதோடு சரி. அதனால் ஆறு இன்ஜின் வந்தால் இரண்டை எடுத்து எரிப்பார்கள், இரண்டும் தேறினால் மீதி நான்கும் ராக்கெட்டுக்குப் போகும். அதாவது ராக்கெட்டில் மாட்டியிருந்த ஒவ்வோர் இன்ஜினும் வாழ்க்கையில் முதன்முதலாக எரிவது ஏவுதளத்தில்தான்.

1969 பிப்ரவரி 21, முதல் ஏவுதல். கோர்ட் என்று ஒரு கட்டுப்பாட்டுக் கருவி 30 இன்ஜினையும் கண்காணிக்கும், ஒன்று பழுதானால் அதையும் சமநிலைக்காக நேர் எதிரில் இருப்பதையும் அணைக்கும். கிளம்பிய சில நொடிகளிலேயே அது ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த ஓர் இன்ஜினைப் பழுது என்று எண்ணி ஜோடியாக இரண்டை அணைத்தது. அப்புறம் அதிர்வில் குழாய் உடைந்து வால்பகுதியில் தீப்பிடித்து, 69 விநாடி வாக்கில் கோர்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. ஜூலை 3, இரண்டாவது. அப்போலோ 11 கிளம்ப இரண்டு வாரம்கூட இல்லை. ஏவுதள கோபுரத்தைத் தாண்டி எழும்புவதற்குள் ஓர் இன்ஜினின் ஆக்சிஜன் பம்ப் வெடித்தது, கோர்ட் 29 இன்ஜினை அணைத்தது, எரிந்துகொண்டிருந்த அந்த ஒன்று ராக்கெட்டை மெதுவாகச் சாய்க்க, எரிபொருள் நிறைந்த அவ்வளவும் ஏவுதளத்தின் மேலேயே விழுந்தது. அணுகுண்டைத் தவிர்த்துப் பார்த்தால் மனிதர்கள் உண்டாக்கிய மிகப் பெரிய வெடிப்புகளில் அதுவும் ஒன்று. உச்சியில் இருந்த கலத்தை மட்டும் தப்பிக்கும் ராக்கெட் சரியாக இழுத்துக்கொண்டு போய் இறக்கியது, அந்தக் களேபரத்தில் சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான்.

1971 ஜூன் 27, மூன்றாவது. 30 இன்ஜினும் நன்றாக எரிந்தன, ஆனால் அடிப்பக்கத்தில் இன்ஜின்களின் தீத்தாரைகளும் காற்றும் சேர்ந்து யாரும் எதிர்பார்க்காத ஒரு சுழற்சியை உண்டாக்க, ராக்கெட் தன் அச்சிலேயே சுற்ற ஆரம்பித்து 51வது விநாடியில் கதை முடிந்தது. இதைச் சோதனை மேடையில் கண்டுபிடித்திருக்க முடியுமா? சந்தேகம்தான், கட்டிப்போட்ட அடுக்கு சுற்றாது. இந்த ஒன்றை நான் எதிர்த்தரப்புக்கு விட்டுத்தருகிறேன். 1972 நவம்பர் 23, நான்காவது. 107 விநாடி வரை போனது, முதல் அடுக்கு கழல இன்னும் சில விநாடிதான் பாக்கி. நடுவில் இருந்த ஆறு இன்ஜின்களைத் திட்டப்படி அணைத்த கொஞ்ச நேரத்தில் வால்பகுதி வெடித்தது. முழு வேகத்தில் ஓடும் திரவத்தைச் சட்டென்று நிறுத்தியதால் குழாய்கள் அதிர்ந்து உடைந்தன என்று ஒரு தரப்பு, பம்ப்தான் வெடித்தது என்று இன்னொரு தரப்பு. எதுவாக இருந்தாலும் மேடையில் ஒரு முறை முழு நேரம் எரித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். 1974ல் திட்டத்தை நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்த சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். அமெரிக்காவும் சாட்டர்ன் 5ஐ அடுக்கு அடுக்காகச் சோதிக்காமல் முதல் தடவையே மூன்று அடுக்கையும் நிஜமாக வைத்து ஏவியதே, அது மட்டும் என்ன? நியாயமான கேள்வி. 1963 இறுதியில் நாசாவின் ஜார்ஜ் முல்லர் அப்படி உத்தரவு போட்டபோது ஃபான் பிரௌனின் ஆட்களுக்கே தூக்கிவாரிப்போட்டது, சாட்டர்ன் 1ஐத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தவர்கள் அல்லவா. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு அடியில் என்ன இருந்தது என்று பாருங்கள். ஒவ்வோர் எஃப்-1ம் தனியாக எரிக்கப்பட்டது. ஐந்தையும் மாட்டிய முழு அடுக்கும் மேடையில் கட்டிப்போட்டு இரண்டு நிமிடத்துக்கும் மேல் எரிக்கப்பட்டது. 1966 மே மாதம் மிசிசிப்பியில் இரண்டாம் அடுக்கு ஒன்று சோதனை மேடையிலேயே வெடித்துச் சிதறியது. 1967 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் மூன்றாம் அடுக்கு ஒன்று வெடித்தது, காரணம் ஹீலியம் வாயு அடைக்கும் உருண்டைத் தொட்டியை வெல்டிங் செய்தபோது வேறு வகைக் கம்பியை எடுத்துவிட்டார்கள். வெடித்தவை எல்லாம் தரையில் வெடித்துத் தீர்ந்தன. 1967 நவம்பர் 9 அன்று முதல் சாட்டர்ன் 5 கிளம்பியபோது ஐந்து கி.மீ. தள்ளி இருந்த டி.வி.க்காரர்களின் கூரைப் பலகைகள் பெயர்ந்து விழுந்தன, ராக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தரையில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்றும் சொல்லவரவில்லை. 1968 ஏப்ரல் 4, இரண்டாவது சாட்டர்ன் 5, அப்போலோ 6. அன்று மாலைதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார், அதனால் இந்த ஏவுதல் செய்தித்தாள்களில் அமுங்கிப்போனது. முதல் அடுக்கில் ராக்கெட் நீளவாக்கில் கடுமையாகக் குலுங்கியது. இரண்டாம் அடுக்கில் ஓர் இன்ஜின் அணைந்தது, அதை மூடச் சொல்லிப் போன கட்டளை வயர் மாறியிருந்ததால் பக்கத்தில் நன்றாக எரிந்துகொண்டிருந்த இன்னொன்றை அணைத்தது. மூன்றாம் அடுக்கு மறுபடி பற்றவே இல்லை. கடைசியில் கிடைத்த குற்றவாளி, இன்ஜினைப் பற்றவைக்கும் திரவ ஹைட்ரஜன் போகும் ஒரு மெல்லிய குழாயில் வளைந்துகொடுப்பதற்காக வைத்த சுருக்கம் மடிந்த பகுதி. தரையில் எத்தனையோ தடவை எரித்தும் உடையாத அது ஏன் மேலே மட்டும் உடைய வேண்டும்? ஏனென்றால் தரையில் அந்தக் குளிரில் சுற்றியிருந்த காற்றே திரவமாகி உறைந்து குழாயின் மேல் படிந்து, அதிர்வை அடக்கிக்கொண்டிருந்தது. வெற்றிடத்தில் உறையக் காற்று ஏது? வெற்றிட அறைக்குள் வைத்து ஓடவிட்டதும் குழாய்கள் வரிசையாக உடைந்தன. சுருக்கத்தை எடுத்துவிட்டு வளைவான குழாய் போட்டார்கள், குலுங்கலை அடக்க ஆக்சிஜன் குழாயின் வால்வுக்குள் ஹீலியம் வாயுவை நிரப்பினார்கள். அதற்கு அடுத்த சாட்டர்ன் 5ல் மூன்று மனிதர்கள் சந்திரனைச் சுற்றிவிட்டு வந்தார்கள்.

எண்ணிக்கைக்காரர்களுக்கு இன்னொன்று. 2018 பிப்ரவரியில் அதே ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் ஹெவி ராக்கெட் 27 இன்ஜினோடு முதல் தடவையே ஒழுங்காகப் போனது. அதற்கு முந்தின மாதம் அந்த 27ஐயும் ஏவுதளத்திலேயே கட்டிப்போட்டு எரித்துப் பார்த்திருந்தார்கள்.

குஸ்னெட்சோவின் இன்ஜின்களுக்கு ஒரு பின்கதை இருக்கிறது. நான்காவது ஏவுதலுக்குப் பிறகு, திரும்பத் திரும்ப எரிக்கக்கூடிய என்கே-33 என்ற புது வகையை அவர் தயாராக வைத்திருந்தார். திட்டம் நின்றதும் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் அழிக்கவில்லை, கிடங்கில் பூட்டிவைத்தார். தொண்ணூறுகளில் ஏரோஜெட் என்ற அமெரிக்க நிறுவனம் அவற்றில் முப்பத்துச் சொச்சத்தை ஒன்று 11 லட்சம் டாலர் வீதம் வாங்கி, கொஞ்சம் மாற்றி, அன்டாரிஸ் ராக்கெட்டில் மாட்டியது. நான்கு முறை நன்றாகப் போனது. 2014 அக்டோபர் 28 அன்று வர்ஜீனியாவில், கிளம்பிய சில விநாடிகளில் ஆக்சிஜன் பம்ப் வெடித்து, ராக்கெட் ஏவுதளத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. கடைசல் வேலையில் குறை என்றது ராக்கெட்டைச் செய்த நிறுவனம். இல்லை, பம்புக்குள் வெளியில் இருந்து ஏதோ துணுக்கு போயிருக்கிறது என்றது இன்ஜினைக் கொடுத்த நிறுவனம். 1969 ஜூலை வெடிப்புக்கு குஸ்னெட்சோவின் ஆட்கள் சொன்ன பதிலும் கிட்டத்தட்ட இதேதான்.